அளவறிந்த அழகு

கல்லீரல் செல் ஒன்றின் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் கிடைத்தால், நிதானமாக உட்கார்ந்து பாருங்கள். உருண்டு திரண்ட உட்கருவைச் சுற்றி, வட்டமும் நீள்வட்டமுமாக மைட்டோகாண்ட்ரியாக்கள் நெருங்கிக் கிடக்கும். படத்தில் இருப்பது ஒரு மெல்லிய சீவல் மட்டுமே. முழுச் செல்லில் 1000 முதல் 2000 வரை நிறைந்திருக்கும்; செல்லின் கொள்ளளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அவற்றுக்கே.

அவற்றில் ஒன்றை மட்டும் அருகில் போய்ப் பார்ப்போம். வெளிச்சவ்வு வழவழவென்று, அலங்காரம் ஏதுமின்றி இருக்கிறது. அழகெல்லாம் உள்ளே. உட்சவ்வு புடவைக் கொசுவம் போல மடிந்து மடிந்து இறங்குகிறது. 1950-களின் தொடக்கத்தில் ஜார்ஜ் பலாடே இம்மடிப்புகளைப் படமெடுத்துக் காட்டினார். கல்லீரல் செல்லின் சவ்வுகள் அனைத்தையும் விரித்து அளந்தால், அதில் மூன்றில் ஒரு பங்கு இந்த உட்சவ்வுதான். எத்தனை நேர்த்தியாக மடித்திருந்தால் அவ்வளவும் இதற்குள் அடங்கும்! ஓயாது துடிக்கும் இதயத்தசையில் மடிப்புகள் இன்னும் அடர்த்தி. கல்லீரலோ நடுவில் தாராளமாக இடம் விட்டிருக்கிறது. கொழுப்பு அமிலங்கள் உடைவதும், யூரியாவும் புதுச் சர்க்கரையும் உருவாகும் முதல் படிகளும் அந்த நடுவெளியில்தான் நிகழ்கின்றன.

மடிப்புகளின் விளிம்போரம் வரிசை கட்டி நிற்கின்றன ஏடிபி சின்தேஸ் என்னும் நுண்சுழலிகள். எட்டுப் புரோட்டான்கள் கடந்தால் ஒரு முழுச் சுற்று. சுற்றுக்கு மூன்று ஏடிபி, அதாவது செல் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறுகள். 1997-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இவ்வகைச் சுழலி ஒன்றின் அச்சில் ஒளிரும் புரத இழையை ஒட்டவைத்து, அது சுழல்வதைக் கண்ணாரக் கண்டார்கள்.

இவ்வளவு அழகிலும் என் மனம் அதிகம் தோய்வது, இந்த மைட்டோகாண்ட்ரியா அளவறிந்து நடக்கும் விதத்தில்தான். இரவில் வயிறு காலியானதும் கொழுப்புத் திசு கொழுப்பு அமிலங்களை அனுப்புகிறது. அவை இங்கே அசிட்டைல் கோ-ஏ ஆகின்றன. அது பெருகியதும் பைருவேட் கார்பாக்சிலேஸ் என்னும் நொதி விழித்துக்கொள்கிறது. புதுச் சர்க்கரை உருவாகிறது. நாம் அயர்ந்து உறங்கும்போதும் மூளை பசித்திருப்பதில்லை. காலையில் உண்டதும் இன்சுலின் சுரக்கிறது. கொழுப்பு அமிலங்களின் வரத்து குறைகிறது, அசிட்டைல் கோ-ஏ இறங்குகிறது, நொதியும் அடங்குகிறது. எழுவதிலும் அடங்குவதிலும் எவ்வளவு பக்குவம்!

இரண்டாம் வகை நீரிழிவில் குலைவது இந்தப் பக்குவமே. இன்சுலினின் சொல் எடுபடாததால், கொழுப்பு அமிலங்கள் உண்ட பிறகும் வந்துகொண்டே இருக்கின்றன. கல்லீரலுக்கு அது இன்னும் உண்ணாத இரவாகவே தோன்றுகிறது. நொதியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. தனக்கு எட்டிய செய்திக்கு அது உண்மையாகத்தான் நடக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறுவது அந்த விசுவாசத்தாலும்தான்.

சுமை கூடும்போது மைட்டோகாண்ட்ரியா காட்டும் தாங்குதிறனையும் பாருங்கள். ஜெர்மனியின் டுஸல்டார்ஃப் ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், இன்சுலினுக்குச் சரியாக இணங்காத பருமனானவர்களின் கல்லீரல் மைட்டோகாண்ட்ரியாக்கள், மெலிந்தவர்களுடையதைவிட நான்கு மடங்குக்கும் மேலான உச்ச வேகத்தில் சுவாசித்தன. வந்து குவியும் கொழுப்பை எரித்துத் தீர்க்க அப்படியொரு முனைப்பு. கொழுப்போடு அழற்சியும் சேர்ந்த கல்லீரலில் அந்த வேகம் தளர்ந்தது. புரோட்டான்கள் சுழலியைச் சுழற்றாமலே கசிந்தன, ஆக்ஸிஜனேற்றச் சேதம் மிகுந்தது. தளர்வதற்கு முன் அது எவ்வளவு தூரம் ஈடுகொடுத்தது என்பதை மறக்க முடியவில்லை.

இன்னொரு நயமும் உண்டு. 2011-ல் நியூகாசிலில் ராய் டெய்லர் குழுவினர், நீரிழிவு வந்து நான்கு ஆண்டுகளுக்குள் இருந்த சிலருக்கு நாளொன்றுக்குச் சுமார் 600 கலோரி மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே வாரத்தில் கல்லீரல் கொழுப்பு சுமார் 30 சதவீதம் குறைந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்புக்கு இறங்கியது. கல்லீரல் மறுபடி இன்சுலினுக்குச் செவிசாய்த்தது. ஆண்டுக்கணக்கில் சேர்ந்த குலைவிலும் அதன் அளவறியும் குணம் அழிந்துவிடவில்லை. மடிப்பையும் சுழலியையும் வியந்த கண்ணுக்கு, ஏழே நாளில் சொல் கேட்கத் தெரிந்த இந்தப் பணிவுதான் ஆகப் பெரிய அழகு.