கரட்டு வடிவின் கவர்ச்சி: லாண்ட் றோவர் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

விமர்சனம் என்றதும் கவிதையும் நாவலும் நாடகமுமே நம் நினைவுக்கு வருகின்றன. கட்டடமும் தளபாடமும் வாகனமும் விமர்சனத்துக்குரிய பொருள்களாகக் கருதப்படுவது எம்மிடையே அரிது. ஆயின் மனிதன் ஆக்கும் எப்பொருளும் அவன் காலத்தின் பொருளாதார நிலையையும் சமூக உறவுகளையும் விருப்பு வெறுப்புகளையும் தன்னுட் பொதிந்து வைத்திருக்கின்றது. இலக்கியத்தின் உருவத்தையும் உள்ளடக்கத்தையும் இணைத்து நோக்கப் பழகியவர்கள் அந்நோக்கை இத்தகைய பொருள்கள் மீதும் செலுத்துதல் தகும். பிரெஞ்சு விமர்சகர் றோலன் பார்த் 1957இல் வெளியான தமது கட்டுரைத் தொகுதியில் சித்ரோயன் கம்பனியின் புதிய காரொன்றை ஆராய்ந்தமை இதற்கு ஏற்ற முன்னுதாரணமாகும். அவரது கவனத்தைக் கவர்ந்தது மூட்டுவாய் தெரியாத அதன் வழவழப்பு. இக்கட்டுரை ஆராய முற்படுவதோ அதற்கு நேர்மாறான ஒன்றை: தறையாணிகளும் மூட்டுகளும் வெளித்தெரியத் தட்டையான தகடுகளால் அமைந்த லாண்ட் றோவரின் கரட்டு வடிவை. அழகுபடுத்த எவரும் முயலாத இவ்வடிவம் எவ்வாறு பலரின் விருப்பத்துக்குரியதாயிற்று என்பதே இங்கு எழும் வினா.

எமது நாட்டில் கரடுமுரடான பாதையிற் செல்லும் வாகனம் எதனையும் 'ஜீப்' என்றே அழைக்கின்றோம். 'லாண்ட் றோவர் ஜீப்' என்று கூறுவோரும் உளர். இவ்வழக்கு கம்பனிகளின் பெயர்களைக் குழப்புகின்றதெனினும் வரலாற்று உண்மையொன்றை அறியாமலே சுட்டி நிற்கின்றது. ஏனெனில் லாண்ட் றோவர் ஜீப்பின் வழித்தோன்றலேயாகும்.

1. தோற்றம்

இரண்டாம் உலக யுத்தம் முடிவுற்றபோது பிரித்தானியா வெற்றி பெற்ற நாடாகவும் கடன்பட்ட நாடாகவும் ஒருங்கே விளங்கிற்று. உருக்குப் பங்கீடு செய்யப்பட்டது. ஏற்றுமதி மூலம் அந்நியச் செலாவணி ஈட்டும் தொழிற்சாலைகளுக்கே அது முன்னுரிமையுடன் வழங்கப்பட்டது. நடுத்தர வர்க்கத்து மேற்படியினருக்கான கார்களைச் செய்துவந்த றோவர் கம்பனி, யுத்தகாலத்தில் விமான எஞ்சின் வேலைக்கென அமைக்கப்பட்ட சொலிஹல் தொழிற்சாலைக்கு இடம்பெயர்ந்திருந்தது. அங்கு இடமும் தொழிலாளரும் இருந்தனர்; உலகச் சந்தைக்கேற்ற பொருளே இருக்கவில்லை.

கம்பனியின் பிரதம பொறியியலாளரான மோறிஸ் வில்க்ஸ், வேல்ஸிலுள்ள அங்கிள்சித் தீவிற் பண்ணை வைத்திருந்தார். அங்கு யுத்தத்தின்பின் கழித்துவிடப்பட்ட அமெரிக்க ஜீப் ஒன்றை வேலைகளுக்குப் பயன்படுத்தினார். அது பழுதடைந்தால் அதற்கு ஈடாக வேறெதனை வாங்குவது என்ற சிந்தனையிலிருந்தே புதிய வாகனம் உருப்பெற்றது. 1947இற் செய்யப்பட்ட முதல் மாதிரி, ஜீப்பின் அடிச்சட்டத்தைக் கொண்டது. 1948 ஏப்ரல் 30ஆந் திகதி ஆம்ஸ்ரர்டாம் மோட்டார் கண்காட்சியில் லாண்ட் றோவர் உலகுக்கு அறிமுகமாயிற்று. அதன் விலை 450 பவுண், சில்லுகளின் அச்சுகளுக்கிடையிலான தூரம் 80 அங்குலம், 1.6 லீற்றர் பெற்றோல் எஞ்சினின் வலு ஏறத்தாழ 50 பரிவலு. கமத்தொழில் இயந்திரங்களை இயக்குவதற்கு எஞ்சினின் வலுவை வெளியே எடுத்துக் கொடுக்கும் அமைப்பும் அதற்கு உண்டு. காருக்கும் உழவு இயந்திரத்துக்கும் இடைப்பட்ட ஒன்றாகவே அது கருதப்பட்டது.

கார் உற்பத்தி வழமைக்குத் திரும்பும் வரைக்குமான இடைக்கால ஏற்பாடாகவே கம்பனியார் இதனை எண்ணினர். ஆனால் ஓரிரு ஆண்டுகளுள் லாண்ட் றோவரின் உற்பத்தி றோவர் கார்களின் உற்பத்தியை விஞ்சியது. 1954இல் ஓரிலட்சமாவது வாகனமும், 1966இல் ஐந்திலட்சமாவது வாகனமும், 1976இல் பத்திலட்சமாவது வாகனமும் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தன.

2. வடிவம்

இவ்வாகனத்தின் வடிவை விளக்குதற்குப் பொருளாதாரமே திறவுகோல். உருக்குத் தட்டுப்பாடாயிருந்தமையின் உடற்பகுதி அலுமினியக் கலப்புலோகத் தகட்டாற் செய்யப்பட்டது. பாரிய அழுத்திகளுக்கும் அச்சுகளுக்கும் பணம் செலவிட இயலாமையின், எளிய கருவிகளைக் கொண்டு மடிக்கத்தக்க தட்டையான தகடுகளே பயன்பட்டன. அடிச்சட்டங்கூட உருக்குப் பட்டைகளைப் பெட்டிபோல் ஒட்டியிணைத்து ஆக்கப்பட்டதே. முதல் வாகனங்களின் பச்சை நிறமும் விமானங்களுக்கெனத் தயாரித்து எஞ்சிய வர்ணத்தின் பேறு என்பர். இவற்றுள் எதுவும் அழகியல் நோக்கிலிருந்து பிறந்ததன்று. வறுமையும் அவசரமும் சேர்ந்து இவ்வடிவை வரைந்தன.

வேறெவ்வித நோக்குமின்றித் தேவையை மாத்திரம் பின்பற்றி எழுந்த வடிவம் தனக்கென ஓர் ஒழுங்கைப் பெற்றுவிடுவதுண்டு. நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகம் 1951இல் நடத்திய 'எட்டு மோட்டார் வாகனங்கள்' என்ற கண்காட்சியில் விலையுயர்ந்த ஐரோப்பியக் கார்களுடன் ஜீப்பும் இடம்பெற்றமை இவ்வுண்மையை அக்காலக் கலைநோக்கினரே உணர்ந்திருந்தனர் என்பதைக் காட்டும். லாண்ட் றோவரின் கதவுப் பிணைச்சல் வெளியே தெரிகின்றது. அது எவ்வாறு கழன்று வரும் என்பதும் தெரிகின்றது. பார்ப்பவன் அதன் ஆக்கமுறையை உடனே விளங்கிக்கொள்கின்றான். தன் கட்டமைப்பை மறைக்காத இப்பண்பையே அதன் முதன்மையான அழகியற் பண்பு எனலாம்.

1958இல் இரண்டாம் தொடர் வெளிவந்தபோது டேவிட் பாஷ் என்ற வடிவமைப்பாளரின் கை இவ்வாகனத்தின்மீது முதன்முறையாகப் பட்டது. பக்கத் தகடுகள் இடுப்பளவிற் சற்று வளைந்தன. அவ்வளைவும் அகன்றுவிட்ட சில்லுத்தடத்தை மூடும் தேவையை ஒட்டியதே. 1970இல் வெளியான றேஞ்ச் றோவரில் இச்சமநிலை உயர்ந்த நிலையை எய்திற்று. ஸ்பென் கிங்கும் பாஷும் உருவாக்கிய அவ்வாகனத்தின் உட்புறம் தண்ணீர் அடித்துக் கழுவத்தக்கதாக இருந்தது. அடுத்த ஆண்டு அது பாரிஸ் லூவ்ர் மாளிகையிற் காட்சிக்கு வைக்கப்பட்டது. சேற்றுக்கென ஆக்கப்பட்ட பொருள் அருங்காட்சியகத்தினுட் புகுந்த அக்கணத்தை, பயனுக்கும் பகட்டுக்குமிடையிலான எல்லைக்கோடாகக் கொள்ளலாம். பின்னாளில் வந்த றேஞ்ச் றோவர்களில் தோலும் மரமும் கம்பளமும் நிறைந்தன; அவற்றைத் தண்ணீர் அடித்துக் கழுவ எவரும் துணியார்.

3. பாதையும் பார்வையும்

வடிவம் நேர்மையானது என்பதனால் அதன் பயன்பாடும் நேர்மையானதாகிவிடாது. லாண்ட் றோவர் பிறந்த ஆண்டுகள் பிரித்தானியப் பேரரசு கலைந்துகொண்டிருந்த ஆண்டுகள். கமக்காரனும் நில அளவையாளனும் மருத்துவனும் ஏறிச்சென்ற அதே வாகனத்தில், 1948 முதல் 1960 வரையான மலாயா அவசரகால நிலையின்போதும் 1952 முதல் 1960 வரையான கென்யா அவசரகால நிலையின்போதும் பொலிசாரும் படையினரும் சென்றனர். கிராமத்துக்குள் நுழையும் லாண்ட் றோவர் தடுப்பூசியையும் கொண்டுவரலாம். கைது ஆணையையும் கொண்டுவரலாம். உலகின் பெரும்பகுதி மக்கள் முதன்முதலிற் கண்ட மோட்டார் வாகனம் இதுவே என்று பெருமையுடன் திரும்பத் திரும்பக் கூறப்படுவதுண்டு. அதற்கு ஆதாரம் காட்டுவோரைக் காண்பது அரிது. உண்மையென்றே கொள்ளினும், அதிலிருந்து யார் இறங்கினார்கள் என்ற கேள்வியை அக்கூற்று எழுப்புவதில்லை.

பல்கலைக்கழக மாணவர்க்குச் சுவை பயக்கும் நிகழ்ச்சியொன்று இங்கு ஆராயத்தக்கது. 1955 செப்ரெம்பரில் ஒக்ஸ்போட், கேம்பிரிஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த அறுவர், இரண்டு லாண்ட் றோவர்களில் லண்டனிலிருந்து சிங்கப்பூருக்குத் தரைவழியே புறப்பட்டு 1956 மார்ச்சிற் சேர்ந்தனர். அவர்களுள் ஒருவரான ரிம் சிலெசர் எழுதிய நூல் 1957இல் வெளியாயிற்று. லாண்ட் றோவரின் புகழைப் பரப்பியதில் இப்பயணத்துக்குப் பெரும் பங்குண்டு. அத்துணிவு மெய்யானதே, அதனைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆயினும் பயணத்தின் மிகக் கடினமான கட்டங்களுள் ஒன்று, அசாமிலுள்ள லெடோவிலிருந்து பர்மாவினுட் செல்லும் கைவிடப்பட்ட வீதியினூடாக நிகழ்ந்தது. 1942க்கும் 1945க்கும் இடையில் அவ்வீதியைக் காடழித்து மலைவெட்டி அமைத்தவர்கள் அமெரிக்கப் படையினரும் பல்லாயிரம் ஆசியத் தொழிலாளருமாவர். அப்படையினருட் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர். நோயாலும் விபத்தாலும் உயிரிழந்தோர் பலர். பாதையற்ற இடத்தில் வாகனம் நிகழ்த்திய சாதனை என்று நாம் வியப்பதன் அடியில், பாதை சமைத்தவர்களின் உழைப்பு புதைந்து கிடக்கின்றது. வாகனத்தின் பெயர் எல்லோர்க்கும் தெரியும். வீதி சமைத்தவர்களின் பெயர்களைத் தேடித்தான் அறியவேண்டும்.

4. கருவி சின்னமாதல்

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் லாண்ட் றோவரின் மெய்யான சந்தை சரியத் தொடங்கியது. 1951இல் ஜீப்பைப் போன்றதொரு வாகனத்துடன் ஆரம்பித்த யப்பானின் ரொயோட்டா, 1954இல் அதற்கு லாண்ட் குறூசர் எனப் பெயரிட்டு, அவுஸ்திரேலியாவிலும் ஆபிரிக்காவிலும் படிப்படியாக இடம்பிடித்தது. அதன் எஞ்சின் வலுமிக்கது, பழுதுபடுவதும் குறைவு. லாண்ட் றோவரோ பிரித்தானிய லேலண்ட் என்னும் பெருங் கூட்டுக் கம்பனியின் ஓர் உறுப்பாகி, தான் ஈட்டிய இலாபம் தன் மேம்பாட்டுக்குக் கிட்டாத நிலையிற் பின்தங்கிற்று. நூறு மைலுக்கு அப்பால் உதவியற்ற இடத்தில் வேலை செய்பவன் வாகனத்தை உணர்ச்சியால் தெரிவு செய்வதில்லை. அவன் யப்பானிய வாகனத்துக்கு மாறினான்.

வேலை செய்வோர் விலகிய அதே காலத்தில் வியப்போர் தொகை பெருகிற்று. 1980இல் சிகரெற் வர்த்தகப் பெயரொன்றின் ஆதரவில் தொடங்கிய 'கமல் ட்றொபி' என்னும் காடுகடக்கும் போட்டியில், அடுத்த ஆண்டு முதல் 1998 வரை லாண்ட் றோவரின் வாகனங்களே பயன்பட்டன. அங்கு ஆறு கடப்பது வேலையின் பொருட்டன்று; கடந்த காட்சியைப் படம்பிடித்து விற்பதன் பொருட்டு. பயன்பெறுமதி மங்க, அதன் நினைவே பரிவர்த்தனைப் பெறுமதியாயிற்று. 1990இல் பழைய வாகனத்துக்கு 'டிஃபெண்டர்' என்ற பெயர் சூட்டப்பட்டது. நாற்பது ஆண்டுகளாகத் தனிப்பெயர் தேவைப்படாத கருவிக்கு, காவலன் எனப் பொருள்படும் பெயர் அப்போதே வேண்டியதாயிற்று.

அப்பெயர் எவ்வளவு தூரம் பொருந்திற்று என்பதற்குக் கொடிய சான்றொன்றும் உண்டு. வட அயர்லாந்தின் தெருக்களுக்கென உருவாக்கப்பட்ட 'ஸ்னாட்ச்' என்னும் கவச லாண்ட் றோவர், பின்னர் ஈராக்குக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் அனுப்பப்பட்டது. வீதியோரக் குண்டுகளை அதனால் தாங்க இயலவில்லை. பிரித்தானியப் படையினர் பலர் அதனுள் மாண்டனர். 2016இல் வெளியான சில்கொற் விசாரணை அறிக்கை, தக்க வாகனங்களை வழங்குவதில் ஏற்பட்ட தாமதத்தைக் கண்டித்தது. உறுதி என்ற தோற்றமும் உறுதியும் வெவ்வேறு என்பதை இதனினும் தெளிவாகக் காட்டுவது கடினம். இது கருவியின் குற்றத்தினும் அதனை அனுப்பியோரின் குற்றமே.

உரிமையும் கைமாறிக்கொண்டே இருந்தது. 1994இல் ஜேர்மனியின் பீ.எம்.டபிள்யூ., 2000இல் அமெரிக்காவின் ஃபோர்ட், 2008இல் இந்தியாவின் ராற்றா எனக் கம்பனி பலர் கைப்பட்டது. 2016 ஜனவரி 29ஆந் திகதி சொலிஹலில் இறுதி டிஃபெண்டர் செய்யப்பட்டது. 2019இல் அதே பெயருடன் வெளிவந்த புதிய வாகனம் ஸ்லோவாக்கியாவிலுள்ள நீற்றா நகரில் உற்பத்தியாகின்றது. தனி அடிச்சட்டம் அதற்கில்லை. பழைய தகடுகளின் தட்டைத்தன்மையோ இப்போது திட்டமிட்டு வரையப்பட்ட அழகாகிவிட்டது. பழைய வடிவைத் தன் உரிமைக்குறியாகப் பதிவுசெய்யக் கம்பனி முயன்றது. அதே வடிவை ஒத்த வாகனத்தைச் செய்ய விரும்பிய இனியோஸ் நிறுவனம் எதிர்த்தது. 2020இல் லண்டன் உயர்நீதிமன்றம் கம்பனியின் மேன்முறையீட்டை நிராகரித்தது. வல்லுநர்க்கு முக்கியமாகத் தோன்றும் வடிவ வேறுபாடுகள் சாதாரண நுகர்வோனின் கண்ணுக்குப் புலப்படாமலே போகலாம் என்பது வழக்கின் சாரம். தட்டைத் தகட்டை எவர் மடித்தாலும் ஏறத்தாழ இவ்வாறே மடியும் என்பதை இங்கு நினைவுகூரல் பொருந்தும்.

5. மதிப்பீடு

அவ்வாறாயின் லாண்ட் றோவரின் கவர்ச்சி முழுவதும் பேரரசின் பழநினைவும் விளம்பரத்தின் மாயமுமே எனத் தள்ளிவிடலாமா? அவ்வாறு முடிவுகட்டுதல் எளிது. ஆனால் அது பொருளைப் பாராது அதன் உரிமையாளரை மட்டுமே பார்க்கும் விமர்சனமாகும். டார்ஜிலிங் மலைப்பகுதியிலுள்ள மானேபஞ்சாங் என்னும் சிற்றூரில், ஐம்பதுகளில் இறக்குமதியான லாண்ட் றோவர்கள் பல தசாப்தங்களாகச் சண்டக்பூ மலைமுகட்டுக்கு ஆட்களையும் பொருள்களையும் ஏற்றிச் சென்றுள்ளன. பலவற்றின் மூல எஞ்சின்கள் எப்போதோ நீக்கப்பட்டு இந்திய டீசல் எஞ்சின்கள் பொருத்தப்பட்டுள்ளன. அவ்வூர்ச் சாரதியின் கையில் அவ்வாகனம் சொலிஹலின் படைப்பு மாத்திரமன்று. துண்டு துண்டாக மாற்றி அதனை மீண்டும் மீண்டும் ஆக்கியவன் அவனே. இது இயலுமானது எதனால்? மூட்டுகள் வெளியே தெரிவதனால். சாதாரணக் கருவிகளாற் கழற்றிப் பூட்டக்கூடியதாய் இருப்பதனால். விளங்கிக்கொள்ளப் பாடசாலைக் கல்வியும் தேவைப்படாததனால்.

எமது மதிப்பீட்டில் இப்பண்பே அதன் மெய்யான சிறப்பு. கரட்டுத் தோற்றத்தையும் சாகசக் கதைகளையும் விற்பனையாளர் எடுத்துச் செல்லலாம், எடுத்தும் சென்றுவிட்டனர். ஆனால் பயன்படுத்துவோனால் திறந்து பார்க்கவும் திருத்தவும் முடிந்த பொருள் என்ற பண்பைப் புதிய வடிவங்கள் தம்முடன் கொண்டுவரவில்லை. கணினியிற் சோதித்தாலன்றிப் பழுது இன்னதென அறியமுடியாத வாகனம், எத்துணைக் கரடாகத் தோன்றினும், உரியவனைக் கம்பனியின் வாசலிலேயே நிறுத்திவைக்கும். தொழில்நுட்பப் பொருள்களை இறக்குமதி செய்தே வாழும் எம்மைப் போன்ற நாட்டினர்க்கு இவ்வேறுபாடு அழகியற் பிரச்சினையோடு நின்றுவிடுவதன்று. உழவு இயந்திரமாயினும் நீர்ப்பம்பியாயினும் மருத்துவக் கருவியாயினும், அதனைத் தெரிவு செய்யுமுன், பழுதுபடும் நாளில் எங்கள் ஊர்த் திருத்துநன் அதனைத் திறக்க இயலுமா என்று கேட்பது அவசியம். லாண்ட் றோவரின் பழைய வடிவை வியப்பவர்கள் அந்தக் கேள்வியையும் அதனிடமிருந்து கற்றுக்கொள்வார்களாயின், அவ்வியப்பு வீண்போகாது.