பழக்கமும் பிழைப்பும்: காங்கேசன்துறை சொல்வது

தொழிலில் வெற்றி பெறுவோரின் பழக்கங்களை உரைக்கும் நூல்கள் நம் புத்தகக் கடைகளில் மலிந்து கிடக்கின்றன. விடியுமுன் எழுக, கணக்கை அன்றே எழுதுக, கடனை அளந்து கொடுக்க என்பன அவற்றின் உபதேசங்கள். இவற்றை நாம் இகழவில்லை. கணக்கெழுதாத கடை நிலைக்காதென்பது பெட்டிக்கடைக்காரரும் அறிந்த உண்மை. இந்நூல்கள் சொல்லாமல் விடுவதே நமக்கு உறுத்துகிறது.

இவ்வகை எழுத்தைத் தமிழுக்குக் கொணர்ந்த முன்னோடி வ. உ. சிதம்பரம்பிள்ளை. உள்ளமே புறவாழ்வை ஆக்குகிறதென்ற ஜேம்ஸ் ஆலனின் நூலை 'மனம்போல வாழ்வு' என அவர் தமிழாக்கினார். அவருடைய வாழ்வோ வேறு கதை கூறுகிறது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட 1906இல் சுதேசிக் கம்பெனி கண்டார். ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து நெருக்கியது. ஆட்சி 1908இல் அவரைச் சிறையிலிட்டது. 1911இல் கம்பெனி கலைந்தது. அவரிடம் எந்த நற்பழக்கம் குறைந்திருந்தது?

அது அந்நிய ஆட்சிக் காலம் என்று நழுவவும் இடமில்லை. காங்கேசன்துறையில் உள்ளூர்ச் சுண்ணாம்புக் கல்லைக் கொண்டு, அரசின் முதலால், 1950இல் சீமெந்து ஆலை இயங்கத் தொடங்கியது. தேநீர்க் கடைக்காரரும் லொறிக்காரரும் அதை அண்டிப் பிழைத்தனர். விடியற்காலை முறைக்குச் செல்லும் தொழிலாளிக்கு முன்னரே கடைக்காரர் எழுந்தாக வேண்டும். அவருக்கு நூல் எதற்கு? 1990இல் யுத்தம் ஆலையை நிறுத்தியது, ஊரைப் பெயர்த்தது. ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடைபட்டது. 2009இல் யுத்தம் முடிந்த பின்னரும் நிலம் துண்டு துண்டாகவே விடுபட்டது. திரும்பியோருக்குத் தேவைப்பட்டவை கூரை, கிணறு, வீதி, கைமுதல். அதிகாலையில் எழுவதை அவர்கள் அகதி முகாமிலும் மறந்ததில்லை.