பெரிய மேட்சுக்கு மறுநாள் காலை

கால்பந்தில் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதுகிற நாளைத்தான் கொல்கத்தாவில் எல்லோரும் கொண்டாடுவார்கள். எனக்கு அதற்கு மறுநாள் காலைதான் உயிர். அன்றைக்கு மட்டும் பேப்பர் வீட்டுக்கு வரட்டும் என்று காத்திருக்க மாட்டேன். விடிந்ததும் லேக் மார்க்கெட் முனைக்கு நடந்துபோய், கண்ணில் படுகிற வங்காளப் பேப்பர் அத்தனையையும் வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு நேராக டீக்கடைக்குப் போய்விடுவேன். வேலைக்காக இந்த ஊருக்கு வந்த தமிழன் நான். வங்காள எழுத்தைக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டதே விளையாட்டுப் பக்கத்துக்காகத்தான்.

அந்த டீக்கடை பெஞ்சை நீங்கள் பார்க்கவேண்டும். மண் குவளையில் டீ ஆறிக்கொண்டிருக்கும், யாரும் தொடமாட்டார்கள். பேப்பர் விரிந்து கிடக்கும், அதைச் சுற்றி ஆறேழு தலைகள். ஸ்கோரை யாரும் தேடுவதில்லை, அது முந்தின ராத்திரியே மனப்பாடம். தலைப்பு எத்தனை பத்திக்கு ஓடுகிறது, படத்தில் இருப்பது கோல் அடித்தவன் முகமா, கோல் வாங்கியவன் முகமா, நடுவர் கொடுக்காத பெனால்டியைப் பற்றி எத்தனை வரி? விசாரணை இப்படித்தான் போகும். எங்கள் ஈஸ்ட் பெங்கால் கட்சிப் பெரியவர் ஒருவர் பக்கத்தின் மேல் கையை விரித்துச் சாண் போட்டே அளப்பார். “பாருங்க தாதா, நாம ஜெயிச்சா ஒரு சாண். அவங்க ஜெயிச்சா ஒன்றரைச் சாண்.” எதிர் பெஞ்சிலிருந்து மோகன் பகான்காரர் உடனே பாய்வார். “அந்தப் பேப்பரா? அது உங்க ஆளுங்க பேப்பர்னு ஊருக்கே தெரியும். எங்க கோலை ஆஃப்சைடுன்னு சந்தேகமா எழுதியிருக்கான், படிச்சீங்களா?” இருவர் வீட்டுக்கும் வருடக்கணக்காக வருவது அதே பேப்பர்தான். இந்தச் சண்டையைக் கேட்கக் கேட்க எனக்கு உள்ளே இனிக்கும். ஒரு வரி விடாமல் படித்தவனால்தான் இப்படிக் கோபப்பட முடியும்!

ஆட்டத்தைப் பற்றிய செய்திக்காக இந்த ஊர் ஏங்கியது இன்று நேற்றல்ல. 1911 ஜூலை 29-ஆம் தேதி மோகன் பகான், ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்டை 2-1 என்று வீழ்த்தி ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வென்றது. ஒருவரைத் தவிர மற்றவர்கள் எல்லாரும் வெறுங்காலோடு ஆடினார்கள். சிவதாஸ் பாதுரியும் அபிலாஷ் கோஷும் கோல் அடித்தார்கள். மைதானத்தைச் சுற்றி அலைமோதிய கூட்டத்தில் பலருக்கு ஆட்டம் கண்ணில் படவில்லை. அவர்களுக்காகப் பட்டம் விட்டு ஸ்கோர் சொல்லியிருக்கிறார்கள்! கோல் விழுந்ததும் வானத்தில் செய்தி. எதிரணி வரலாறுதான், ஆனால் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும். அப்போது எங்கள் கிளப் பிறக்கவே இல்லை.

எங்கள் கிளப் பிறந்ததே ஒரு கோபத்தில்தான். 1920-இல் மோகன் பகானோடு மோதிய ஜோராபகான் அணியில், சைலேஷ் போஸை ஆட விடாமல் உட்காரவைத்தார்கள். கிழக்கு வங்காளத்துக்காரர் என்பதால்தான் ஒதுக்கினார்கள் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. அந்த அணியின் துணைத் தலைவராக இருந்த சுரேஷ் சந்திர சௌத்ரி கோபித்துக்கொண்டு வெளியேறினார். ஆகஸ்ட் 1-ஆம் தேதி ஈஸ்ட் பெங்கால் தொடங்கியாகிவிட்டது. பிரிவினையில் வீடு வாசலை விட்டு வந்து, ஜாதவ்பூர் பக்கத்துக் காலனிகளில் குடிசை போட்டவர்களுக்கு அந்தச் சிவப்பு-தங்க நிறச் சட்டைதான் சொந்த ஊர் ஆனது. இங்கே பூர்வீகமாக இருப்பவர்கள் ‘கொட்டி’, கிழக்கிலிருந்து வந்தவர்கள் ‘பாங்கால்’. கொட்டிக்கு இறால், பாங்காலுக்கு இலிஷ் மீன். நாங்கள் ஜெயித்த மறுநாள் மீன் மார்க்கெட்டில் இலிஷ் விலையைக் கேட்டால் மயக்கம் வரும். மீன்காரர் சிரித்துக்கொண்டே, “ஜெயிச்சீங்க இல்ல, கொடுங்க” என்பார். பேரம் பேசவே தோன்றாது.

எங்கள் டீக்கடைப் பெரியவர்களுக்குப் பேப்பரைவிட ரேடியோ மேல்தான் காதல். கமல் பட்டாசார்யா, அஜய் பாசு, புஷ்பேன் சர்க்கார் என்று ஆகாசவாணி வர்ணனையாளர்களின் பெயர்களை வீரர்களின் பெயர்களோடு சேர்த்தே சொல்வார்கள். பந்து பெனால்டி எல்லைக்குள் நுழையும்போது அஜய் பாசுவின் குரல் எப்படி ஏறும் என்று ஒருவர் நடித்தே காட்டுவார். 1975 செப்டம்பர் 30, ஷீல்டு இறுதியாட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை 5-0 என்று ஜெயித்த நாளைப் பற்றி எங்கள் ஆட்கள் பேச ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டை மறந்துவிடலாம். சுரஜித் சென்குப்தா, இரண்டு கோல் போட்ட ஷியாம் தாபா என்று வரிசையாக வரும். எதிர் பெஞ்சு சும்மா இருக்குமா? 1976-இல் ஆட்டம் தொடங்கிய 17-ஆவது நொடியில் முகமது அக்பர் எங்களுக்கு எதிராகப் போட்ட கோலை எடுத்து நீட்டும். 2009-இல் சிடி எடே ஒருவரே நான்கு அடித்து 5-3 என்று எங்களைக் கவிழ்த்ததையும் சொல்லும். அவர்கள் சொல்வது எல்லாம் உண்மைதான், வலிக்கும்.

எழுத்தின் பக்கமும் சொல்லவேண்டும். ஆனந்தபஜார் பத்திரிகையில் விளையாட்டுப் பகுதியைப் பார்த்துக்கொண்ட மதி நந்திதான் ‘ஸ்ட்ரைக்கர்’, ‘ஸ்டாப்பர்’ என்ற நாவல்களை எழுதியவர். கால்பந்தை மையமாக வைத்து நாவல் எழுதிய ஆளே விளையாட்டுச் செய்திகளையும் பார்த்துக்கொண்ட ஊர் இது! ஆட்டக் குறிப்பில் ஒரு சோம்பேறி வாக்கியம் வந்தால் வாசகன் சும்மா விடுவானா?

பேப்பரே மைதானமான சமயம் என்றால் அது 1997 ஜூலை. ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா தன் ‘டைமண்ட்’ ஆட்டமுறையோடு உச்சத்தில் இருந்தார். போட்டிக்கு முன்னால் எங்கள் வீரர்களுக்கு அவர் பட்டப்பெயர் வைத்தார். பைசுங் பூட்டியா ‘சுங் சுங்’ ஆனார், ஓமோலோ ‘ஆம்லெட்’ ஆனார், சோசோ வெள்ளரிக்காய் ஆனார். பேப்பர்களுக்குத் தீபாவளி. ஜூலை 13-ஆம் தேதி சால்ட் லேக் மைதானத்தில் கூடியவர்கள் 1,31,000-க்கும் மேல். ஒரு கிளப் ஆட்டத்துக்கு இத்தனை கூட்டம் இந்தியாவில் அதற்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. பி.கே. பானர்ஜியின் ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று ஜெயித்தது, ‘சுங் சுங்’ ஹாட்ரிக் அடித்தார். இறுதியாட்டத்தில் சல்காவ்கரிடம் தோற்றோம் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? அந்த அரையிறுதியைத்தான் இந்த ஊர் இன்னமும் பேசித் தீர்க்கவில்லை.

இப்போது டி.வி. காலம். இங்கே இரண்டு பெஞ்சும் ஒரே கட்சி. கிரிக்கெட் நடந்தால் தேசியச் சேனல்கள் எங்கள் ஆட்டத்தை ஓடும் எழுத்தில் ஒரு வரியாகத் தள்ளிவிடுகின்றன. 2020 நவம்பரில் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) போட்டியில் இந்த இரு அணிகளின் முதல் மோதல், அதாவது முதல் டெர்பி, கோவாவில் ஆளில்லாத மைதானத்தில் நடந்தது. அந்த மௌனத்தை டி.வி.யில் பார்த்தபோது நெஞ்சு அடைத்தது. பச்சை-அரக்கு அணியான மோகன் பகானின் பெயருக்கு முன்னால் ‘ஏ.டி.கே.’ என்று ஒட்டவைத்திருந்ததை எதிர்த்து அதன் ரசிகர்கள் விடாமல் குரல் கொடுத்தார்கள். 2023-இல் அந்த ஒட்டு போயே போனது. எதிரணிக்காரர்கள்தான், ஆனாலும் அன்று அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

பேப்பர் எழுதட்டும் என்று எங்கள் ரசிகர்களும் காத்திருப்பதில்லை. 2020 ஜனவரி டெர்பியில், குடியுரிமைச் சர்ச்சை கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில், எங்கள் கேலரியில் ஒரு பெரிய பதாகை விரிந்தது. இந்த மண்ணை ரத்தம் கொடுத்து வாங்கினோம், காகிதம் காட்டி வாங்கவில்லை என்ற பொருளில் அதில் எழுதியிருந்தது. அகதியாக வந்தவனின் பேரன் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். ஆட்டத்தில் 2-1 என்று தோற்றோம். ஆனால் நாடு முழுக்கப் பேசப்பட்டது அந்தத் துணியைப் பற்றித்தான்.

2024 ஆகஸ்ட் 18-ஆம் தேதியை எப்படிச் சொல்வது! ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் இளம் மருத்துவர் கொல்லப்பட்ட கொடுமையில் நகரமே கொந்தளித்துக்கொண்டிருந்தது. பாதுகாப்பைக் காரணம் காட்டி அன்றைய டூரண்ட் கோப்பை டெர்பியை ரத்து செய்துவிட்டார்கள். ஆட்டம் இல்லாவிட்டால் என்ன, வருகிறோம் என்று இரண்டு அணி ரசிகர்களும் சால்ட் லேக் மைதானத்துக்கு வெளியே திரண்டார்கள். முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். நியாயம் கேட்டு ஒரே முழக்கம், போலீஸ் தடியடி. ஒரு அணிக்காரர் தோளில் எதிரணிக்காரர் ஏறியிருந்த படம் ஊரெல்லாம் பரவியது. எத்தனையோ தலைமுறையாகப் பகைத்தவர்கள், அன்று அப்படி நின்றார்கள்.

எனக்கே எனக்கென்று ஒரு பக்கம் மடித்து வைத்திருக்கிறேன். ஈஸ்ட் பெங்காலுக்கும் தெற்குக்கும் பழைய உறவு உண்டு. 1949-இல் தொடங்கி அடுத்த சில வருடங்கள் அணியைத் தூக்கி நிறுத்திய ‘பஞ்ச பாண்டவர்’ முன்வரிசையான அப்பாராவ், சாலே, தன்ராஜ், அகமது கான், வெங்கடேஷ் ஐவருமே தெற்கிலிருந்து போனவர்கள். அந்த வரிசையை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் டீக்கடைப் பெரியவர்கள். பிறகு வந்தது 2023 ஆகஸ்ட் 12, டூரண்ட் கோப்பை டெர்பி. 2019 ஜனவரிக்குப் பிறகு ஒரு டெர்பியைக்கூட நாங்கள் ஜெயிக்காத காலம். அறுபதாவது நிமிடத்தில் வலது ஓரத்தில் பந்தை வாங்கிய நம் சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் உள்ளே வெட்டி நுழைந்தார், இடது காலால் வளைத்துவிட்டார். பந்து தூரக் கம்பத்தை ஒட்டி வலைக்குள் போனது. 1-0. பக்கத்தில் நின்றவர் யாரென்றே தெரியாது, கட்டிக்கொண்டு அழுதோம்.

மறுநாள் வங்காள எழுத்தில் ‘நந்தகுமார்’ என்ற பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தேன், திரும்பவும் படித்தேன். எதிர் பெஞ்சு மோகன் பகான்காரரே இன்னொரு பேப்பரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். “எடுத்துக்குங்க தாதா, உங்க ஊர்ப் பையன். கால் என்ன கால் அது!” அந்தப் பேப்பரிலும் படம் இருந்தது. ஆனால் நான்கு பத்திதான். அப்படி ஒரு கோலுக்கு முழுப் பக்கம் கொடுத்திருக்க வேண்டும் என்று நான் ஆரம்பித்தேன். அவரோ, இரண்டே பத்தி போதும், கொஞ்ச நாள் பொறுங்கள் என்றார். அடுத்த மாதம் அதே கோப்பையின் இறுதியாட்டத்தில் மோகன் பகானின் பெட்ராடோஸ் அடித்த ஒற்றைக் கோலில் நாங்கள் தோற்றோம். அவர் தன் பேப்பரை எடுத்துக்கொண்டு வந்து சாண் போட்டுக் காட்டினார். முழுப் பக்கம் என்பதில் நான் இன்றுவரை இறங்கி வரவில்லை.