ஏற்பும் மறுப்பும்: ஒளிப்படக் காட்சிகளின் நடுவர் முறை பற்றிய ஒரு நோக்கு

ஒளிப்படக் காட்சிகளுக்கு அனுப்பப்படும் படங்களுள் எவை சுவரில் இடம்பெற வேண்டும், எவை விலக்கப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் முறை கலை விமரிசனத்தில் உரிய கவனத்தைப் பெற்றதில்லை. காட்சியிற் கண்ட படங்களைப் பற்றி எழுதுவோர் பலர். காட்சிக்கு வராத படங்களைப் பற்றி எழுதுவோர் அரியர். மறுக்கப்பட்ட படத்தைப் பொதுமக்கள் காண்பதில்லையாதலால், அதன்பொருட்டு வழக்குரைக்கவும் எவருமிலர். எனினும், ஒரு காலத்தின் ஒளிப்பட இரசனையை உருவாக்குவதில் விமரிசகரைக் காட்டிலும் நடுவர் குழுவே பெரும்பங்கு கொள்கின்றது என்பது எமது துணிபு. அக்குழு தன் முடிவுக்கு வரும் வழியை, குறிப்பாகப் புள்ளியிடும் வழக்கத்தை, ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

‘சலோன்’ என்னும் பெயர் பிரான்சிய ஓவியக் காட்சி மரபிலிருந்து ஒளிப்படத்துறைக்கு வந்ததாகும். 1863 இல் பாரிஸ் சலோனின் நடுவர்கள் மிகப் பல ஓவியங்களை ஒதுக்கியபோது எழுந்த கூக்குரலின் விளைவாக, மூன்றாம் நெப்போலியன் மறுக்கப்பட்டோருக்கெனத் தனிக்காட்சி ஒன்றை நடத்துவித்தமை கலைவரலாறு பயின்றோர் அறிந்ததே. ஒளிப்படத்துறையில் அதனையொத்த பூசல் 45 ஆண்டுகள் கழித்து இலண்டனில் நிகழ்ந்தது. 1853 இல் தோன்றிய பிரித்தானிய ஒளிப்படச் சங்கம் கலையினும் இரசாயனத்தையும் கருவியையுமே பெரிதாகக் கொண்டது என மனக்குறையுற்ற சிலர், ஹென்றி பீச் றொபின்சன் போன்றோரின் முன்னிலையில், 1892 இல் ‘இணைந்த வளையம்’ என்ற கழகத்தை அமைத்தனர். அடுத்த ஆண்டு முதல் அவர்கள் நடத்திய காட்சியில் பதக்கங்கள் வழங்கப்படவில்லை. ஏற்கப்படுதலே பரிசு எனக் கருதப்பட்டது. அமெரிக்கரான அல்பிரட் ஸ்ரீக்லிற்ஸ், எட்வேட் ஸ்ரைக்கன் ஆகியோரும் இக்கழகத்திற் சேர்ந்தனர்.

கிளர்ச்சிக்காரர் அமைத்த இவ்வவை விரைவிலேயே தானும் ஒரு வாயிற்காவலாயிற்று. 1908 ஆம் ஆண்டுக் காட்சியில் ஏற்கப்பட்டவற்றுள் அரைவாசிக்கு மேற்பட்டவை அமெரிக்கரின் படங்களாக அமைந்தமை பிரித்தானியரிடையே பெருஞ்சினத்தை மூட்டியது. இதழாசிரியர் எவ். ஜே. மோட்டிமர் தமது இதழின் அலுவலகத்திலேயே மறுக்கப்பட்டோர் காட்சியொன்றை நடத்தினார். பூசல் முற்றிக் கழகம் கலைந்தது. 1910 இல் இலண்டன் ஒளிப்படச் சலோன் உருவாயிற்று.

இப்பூசலில் எப்பக்கம் நியாயம் இருந்தது என்பது எமக்கு முக்கியமன்று. (படங்களை மட்டும் வைத்து நோக்கின் அமெரிக்கர் பக்கமே எமது மனம் சாயும்.) அக்காலத்து நடுவர்கள் கட்சி சார்ந்தவர்கள், ஆயின் எக்கட்சியைச் சார்ந்தவர்கள் என்பதை அவர்கள் மறைத்தாரல்லர். மறுக்கப்பட்டவன் தன்னை மறுத்த கொள்கை எதுவெனக் கண்டுகொள்ளவும் அதனோடு மோதவும் முடிந்தது. பின்னாளிற் பரவிய புள்ளிமுறை இவ்வாய்ப்பை இல்லாமற் செய்துவிட்டது.

1934 இல் அமெரிக்க ஒளிப்படச் சங்கமும், 1950 இல் சர்வதேச ஒளிப்படக்கலைச் சம்மேளனமும் தோன்றிய பின்னர், உலகெங்கும் நடைபெறும் சலோன்கள் பெரும்பாலும் இவற்றின் விதிகளைத் தழுவியே நடைபெறுகின்றன. படைத்தவரின் பெயர் மறைக்கப்பட்ட நிலையில் படங்கள் ஒவ்வொன்றாகக் காட்டப்படும். பொதுவாக மூன்று நடுவர்கள் தனித்தனியே புள்ளியிடுவர். மூவரின் புள்ளிகளும் கூட்டப்படும். பின்னர், ஏற்கப்படுவோரின் வீதம் விதித்த எல்லைக்குள் அடங்குமாறு வெட்டுப்புள்ளி ஒன்று தீர்மானிக்கப்படும். ஆகவே ஒரே கூட்டுத்தொகை பெற்ற படம் ஒரு சலோனில் உள்ளேயும் மற்றொன்றில் வெளியேயும் நிற்கலாம். படம் மாறவில்லை; உடன் வந்த கூட்டமே மாறிற்று.

பெயரை மறைத்தல் நேர்மைக்கு உதவுகின்றது என்பதை நாம் மறுக்கவில்லை. காலத்தைப் பற்றியே எமக்கு ஐயம். ஒரு பிரிவிற்கு 2000 படங்கள் வந்தன என்றும், படமொன்றுக்கு 5 விநாடி ஒதுக்கப்படுகின்றது என்றும் கொள்வோம். இடையீடின்றி நடுவர் இருந்தாலும் மூன்று மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைந்த நேரம் செல்லும். ஐந்து விநாடியில் கண் எதனைப் பற்றிக்கொள்ளும்? வலிய நிறத்தை, தெளிந்த நடுப்பொருளை, முன்னரே பழகிய அமைப்பை. மெல்ல மெல்லத் திறக்கும் படம், இரண்டாம் முறை பார்க்கும்போதே பேசத் தொடங்கும் படம், அந்த ஐந்து விநாடியில் ஊமையாகவே கடந்து போகும்.

கூட்டல் முறையில் இதனினும் ஆழமான குறையொன்றுண்டு. ஐந்து புள்ளி உச்சமாகவும் ஒன்று இழிவாகவும் உள்ள முறையை எடுத்துக்கொள்வோம். முதற்படத்துக்கு மூவரும் நான்கு நான்காக இடுகின்றனர், கூட்டுத்தொகை 12. இரண்டாம் படத்துக்கு இருவர் ஐந்து ஐந்தும், ஒருவர் ஒன்றும் இடுகின்றனர், கூட்டுத்தொகை 11. வெட்டுப்புள்ளி 12 ஆயின், எவரும் தலைசிறந்ததெனக் கருதாத படம் சுவரேறும். மூவருள் இருவர் தலைசிறந்ததெனக் கருதிய படம் வெளியேறும். கூட்டுத்தொகைக்குப் பதிலாகப் பாடசாலைக் கணிதத்தில் வரும் இடையத்தைக் கொண்டால், முதற்படம் நான்கும் இரண்டாவது ஐந்தும் பெற்று முடிவு தலைகீழாகும். நடுவர் அவர்களே, படங்களும் அவையே. கணக்கு மட்டும் வேறு. எனினும் ‘நடுவர் தீர்ப்பு’ என்ற பெயரில் வெளிவருவது இக்கணக்கின் விடையேயாகும். எவர்க்கும் வெறுப்பூட்டாமை என்னும் பண்பு, எவரையும் ஆட்கொள்ளுதல் என்னும் பண்பை இங்கே வென்றுவிடுகின்றது.

இவ்விடத்தில் இறையனார் களவியல் உரையிற் சொல்லப்படும் கதையை நினைவுகூர்தல் பொருந்தும். புலவர் நாற்பத்தொன்பதின்மர் செய்த உரைகளுள் மெய்யுரை எதுவெனத் தேர, மூங்கைப் பிள்ளையான உருத்திரசன்மன் ஆசனத்தில் இருத்தப்படுகின்றான். மருதனிளநாகனார் உரைக்கு ஒரோவிடத்தும், நக்கீரர் உரைக்குச் சொற்றொறும் அவன் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்க்கின்றான். வரலாறாக இதனைக் கொள்வார் இன்று அரியர். விமரிசனக் கருத்தாக நோக்கின் ஒன்று புலனாகும்: அந்நடுவன் காரணம் சொல்ல மாட்டாதவன், ஆயினும் உரையின் எவ்விடம் தன்னைத் தொட்டது என்பதை அவையறியக் காட்டினான். நமது சலோன் நடுவர் பேசவல்லவர். பொத்தானை அழுத்தி எண்ணொன்றை விடுத்து அமைகின்றார். மறுப்புச் செய்தி பெறுபவருக்குத் தமது படத்தின் எவ்விடம் குறையுடையது என்பது தெரிவதில்லை.

விளைவு யாது? சம்மேளனத்தின் பட்டங்கள் பெருமளவு ஏற்புகளின் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டவை. எத்தனை நாடுகளில், எத்தனை படங்கள் ஏற்கப்பட்டன என்பது எண்ணப்படுகின்றது. எனவே ஒளிப்படக்காரர் ஒரே படத்தைப் பல நாடுகளுக்கு அனுப்புகின்றார். எது ஏற்கப்படுகின்றது என்பதைக் கற்றுக்கொள்கின்றார். அடுத்த படத்தை அதற்கேற்ப எடுக்கின்றார். புழுதியினூடே மந்தையோட்டும் இடையன், சாய்ந்த ஒளிக்கற்றையில் நூல் படிக்கும் சிறு துறவி, சேறு தெறிக்க எருதுகளின் பின் ஓடும் வீரன் ஆகியோர் சலோன் பட்டியல்களில் மீண்டும் மீண்டும் தோன்றுவது தற்செயலன்று. அவர்களுட் பலர் அழகாகவே எடுக்கப்பட்டுள்ளனர். ஆயின் அவ்விடையனின் ஊர் எது, அவன் மந்தை யாருடையது என்ற வினா எமக்கு எழுவதேயில்லை. அவன் மனிதனாகவன்றி அமைப்பின் ஓர் உறுப்பாகவே நிற்கின்றான்.

அளவுகோலை வெளிப்படையாகச் சொல்லல் இயலாத காரியம் என்பார்க்கு இயற்கைப் பிரிவு விடையாகும். மேற்கூறிய இரு அமைப்புகளும் பிரித்தானிய றோயல் ஒளிப்படச் சங்கமும் 2014 இல் உடன்பட்ட வரைவிலக்கணம், இயற்கைப் படத்தில் அது கூறும் செய்தி வனப்பினும் மேலாக மதிக்கப்பட வேண்டும் என்கின்றது. படத்தில் உள்ளதை நீக்குவதையும் இல்லாததைச் சேர்ப்பதையும் தடுக்கின்றது. இதனோடு நாம் முரண்படலாம்; ஆயின் எதனோடு முரண்படுகின்றோம் என்பது தெளிவு. இங்கும் நடுவர் கண்ணுக்கு எட்டாதவை உண்டென்பது வேறு விடயம். இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் 2009 ஆம் ஆண்டுப் போட்டியில் வேலி தாண்டும் ஓநாயின் படம் முதலிடம் பெற்றது. அது பழக்கப்பட்ட விலங்காக இருத்தல் கூடும் என்ற முடிவுக்கு நடுவர்கள் பின்னர் வந்து, 2010 இல் பரிசை மீளப்பெற்றனர். படமெடுத்தவர் அதனை மறுத்தார்.

தனியொருவர் தெரிவு இதற்கு மாற்றாகுமா? முன்னர்க் குறிப்பிட்ட ஸ்ரைக்கன், 1955 இல் நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் ‘மனித குடும்பம்’ என்னும் காட்சியை அமைத்தபோது, ஏறத்தாழ இருபது இலட்சம் படங்களிலிருந்து 503 படங்களைத் தெரிந்தெடுத்தார். வரலாற்றின் முரண்களை மழுக்கி மானிடத்தைப் பொதுமையாக்கியது அக்காட்சி என றோலன் பார்த் கண்டித்தார். அக்கண்டனம் பெரிதும் பொருத்தமானதே. ஆயின் அவ்வாறு கண்டிக்க முடிந்தமைக்குக் காரணம் தெரிவு ஒருவருடைய கருத்தாக நின்றமையாகும். மூவரின் புள்ளிக் கூட்டுத்தொகையை எவரும் அங்ஙனம் கண்டிக்க முடியாது. அதற்குக் கருத்தென ஒன்றில்லை.

எமது நாட்டிலும் இவ்வினா புதியதன்று. இலங்கைக் கலைச் சங்கத்தின் கல்விக்கூட மரபு சார்ந்த இரசனைக்கு மாறாகக் கொழும்பில் 1943 இல் எழுந்த ‘43 குழு’வின் மூலவருள் ஒருவரான லயனல் வெண்ட் ஓர் ஒளிப்படக் கலைஞர். அவர் இருட்டறையில் ஒளியைக் கொண்டு நிகழ்த்திய சோதனைகளை ஐந்து விநாடிக்குள் மூவர் ஒருமித்து விரும்பியிருப்பர் என நம்புதல் கடினம்.

பல சலோன்களில் ‘நடுவர் தெரிவு’ என ஒரு பரிசு உண்டு. நடுவர் ஒவ்வொருவரும் பிறரைக் கலவாது தாம் விரும்பிய படத்துக்கு அதனை வழங்குவர். ஆயின் வெட்டுப்புள்ளியைத் தாண்டி ஏற்கனவே உள்ளே வந்த படங்களுக்கே அது உரியதாகின்றது. தேவைப்படும் இடத்தில் அது இல்லை. ஏற்கும் கட்டத்திலேயே நடுவர் ஒவ்வொருவரும், மற்றிருவர் இட்ட புள்ளி எதுவாயினும், சில படங்களைத் தம் பொறுப்பில் உள்ளே கொணர அனுமதித்து, காட்சிப் பட்டியலில் அப்படத்தின் கீழ் அவர் பெயரையும் இரண்டொரு வரிக் காரணத்தையும் அச்சிடுதல் நடைமுறைக்கு ஒவ்வாததன்று. அவ்வாறு நுழைவனவற்றுள் சில மோசமான படங்களாகவும் இருக்கும். யாரிடம் காரணம் கேட்பது என்பது அப்போது காண்போருக்குத் தெரிந்திருக்கும்.