மீண்டும் என்ற சொல்

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது, எண்பதுகளின் பிற்பாதியில், நான் அதைப் படிக்கவில்லை. படிக்காமலேயே அபிப்பிராயம் வைத்திருந்தேன். நம் வட்டத்தில் இதற்குத் தடை எதுவும் இருந்ததில்லை. பிறகு 'மீண்டும் ஜீனோ' தொடங்கியபோது அந்த அபிப்பிராயத்தைப் புதுப்பித்துக்கொள்ளும் அவசியம்கூட ஏற்படவில்லை. விற்ற சரக்கை வியாபாரி மறுபடி இறக்குகிறார் என்று ஒரு கூட்டத்தில் சொன்னேன். சிரித்தார்கள்.

சென்ற வருஷம் கணியம்பாடியில் ஒரு வீட்டில் இரண்டு நாள் தங்க நேர்ந்தது. அங்கே பரணிலிருந்து இறங்கிய அட்டைப்பெட்டியில் இந்த இரண்டு தொடர்களும் இருந்தன. விகடன் பக்கங்களை வாராவாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்து, காலிகோ முதுகு போட்ட பைண்டுகள். ஓரங்களில் குறிப்புகள். நீல மையில் இருந்தவை அந்த வீட்டு அம்மாளுடையவை. பென்சில் அவர் தம்பியுடையது. தொடர் வந்தபோது அக்காவுக்குப் பத்தொன்பது வயது, தம்பிக்குப் பதினான்கு. தமிழில் அந்த வயதுக்கென்று தனியாக நாவல் ஏது? அம்புலிமாமாவைக் கீழே வைத்த கை நேரே விகடனுக்குத்தான் போகும்.

கதையை இங்கே விஸ்தரிக்கப்போவதில்லை. 2021இல் ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி. பிள்ளை பெறவும் அரசாங்க அனுமதி வேண்டும். மனிதர்களுக்கெல்லாம் இரண்டெழுத்துப் பெயர்கள். நிலாவின் கணவன் சிபி காணாமல்போகிறான். அவள் வீட்டுக்கு ரவி என்பவன் ஓர் இயந்திர நாயோடு வந்து சேர்கிறான். கடைசியில் ஜீவா என்று ஒருவன் இல்லவே இல்லை, அது ஒரு பிம்பம் என்று தெரிகிறது. ஆர்வெல்லின் '1984' இந்தக் கேள்வியைப் பதில் சொல்லாமல் விட்டுவைத்தது. சுஜாதா பதிலைச் சொல்லிவிடுகிறார். இல்லாத பிம்பத்தின் இடத்தில் நிலாவை ராணியாக உட்காரவைத்து, பின்னால் நின்று ஆளப் பார்க்கிறார்கள் ரவியும் மனோவும். இரண்டாவது கதை தொடங்குவது இந்த இடத்தில்.

பென்சில் குறிப்புகளில் பாதிக்குமேல் நாயைப் பற்றியவை. ஜீனோ ஒரு வாரம் பேசாவிட்டால் பையனுக்குக் கோபம் வருகிறது. அது புத்தகம் படிக்கும் இடங்களில் இரட்டைக் கோடு. கம்ப்யூட்டர், ஹோலோக்ராம், 2021 பற்றி அக்காளோ தம்பியோ ஒரு சொல்கூட எழுதவில்லை. இதே ஜவ்வாது மலையின் இன்னொரு பக்கத்தில், காவலூரில், 2.3 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரியில்தான் திறந்துவைத்தார்கள். விஞ்ஞானம் அவ்வளவு அருகில் இருந்தது. ஆனால் இந்த வீட்டில் அந்தக் கதையை விஞ்ஞானத்துக்காக யாரும் படிக்கவில்லை. சுஜாதாவை விஞ்ஞானத்தை எளிமைப்படுத்திய வாத்தியாராகப் புகழ்கிறவர்களும் சரி, அதற்காகவே ஒதுக்குகிற நாமும் சரி, பேசுவது வேறு யாரோ படித்த புத்தகத்தைப் பற்றி.

நீல மையில் இருப்பது வேறு தினுசு. முதல் தொடரின் பக்கங்களில் அது அதிகம் இல்லை. அக்கா கதையில் ஆழ்ந்துபோயிருக்கிறார். 'மீண்டும் ஜீனோ'வில்தான் மை பெருகுகிறது. நிலா ஏன் இப்படி மக்காகிவிட்டாள் என்று ஓரிடத்தில். யோசிக்கிற வேலையை எல்லாம் நாயே செய்தால் இவள் எதற்கு என்று இன்னோரிடத்தில். அதன் கீழேயே பென்சிலில் தம்பியின் பதில்: உனக்குப் பொறாமை. பல வாரங்களுக்கு இந்தச் சண்டை நடந்திருக்கிறது.

இரண்டு கதைகளையும் அந்த வீட்டிலேயே படித்து முடித்தேன். அக்காவின் கட்சிதான் எனக்கு. ஆனால் அவர் சொன்ன குறையை வெறும் பாத்திரப் படைப்புக் குறையாக மட்டும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. தன் கையெழுத்தில் பிறர் ஆள்கிறார்கள் என்பதை மெல்ல உணரும் ஒரு பெண்ணைவிடக் கனமான அரசியல் பொருள் ஒரு தமிழ்த் தொடர்கதைக்கு எத்தனை முறை கிடைத்திருக்கிறது? முதல் கதை அந்த வாசல்வரை வந்து நின்றது. இரண்டாவது கதை வாசலில் நாயைக் கட்டிவிட்டது. ஆபத்து வரும்போதெல்லாம் ஜீனோ ஒரு வாக்கியம் பேசுகிறது, நாம் சிரிக்கிறோம், ஆபத்து ஆபத்தாக இல்லாமல் போகிறது. சுஜாதாவின் உரைநடையில் நகைச்சுவை கூர்மையான கருவி. இங்கே அது அவருக்கு எதிராகவே திரும்பிக்கொண்டது.

ஆனால் தம்பியை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியவில்லை. 'ஜீனோ' என்பதும் இரண்டெழுத்துதான். மனிதருக்கும் இயந்திரத்துக்கும் ஒரே அளவில் பெயர் வெட்டித்தரும் அரசாங்கத்தில், அந்தப் பெயரைத் தாண்டி வளர்வது நாய் மட்டும். படிக்கிறது, சந்தேகப்படுகிறது, தன்னைப் பற்றியே யோசிக்கிறது. சுயம் உள்ள ஒரே ஜீவனிடம் பையன் ஒட்டிக்கொண்டான். இந்த விபரீதத்தை ஆசிரியர் முழுப்பிரக்ஞையோடு செய்திருந்தால் 'மீண்டும் ஜீனோ' வேறொரு நாவலாகியிருக்கும். அவர் அதைத் தொட்டுத் தொட்டு விலகுகிறார். அடுத்த இதழுக்குப் பக்கம் தரவேண்டிய எழுத்தாளனின் விலகல் அது.

தலைப்பிலேயே 'மீண்டும்' இருக்கிறது. யாருக்காக மீண்டும் என்பதில் மறைவு இல்லை. கானன் டாயில் 1893இல் அருவியில் தள்ளிய ஹோம்ஸை 1903இல் கரையேற்றியதும் வாசகர் ஆசைக்குத்தான். ஆனால் ஹோம்ஸைப் பிரிந்து வாசகர்கள் வருஷக்கணக்கில் இருந்தார்கள். வாராந்தரிக்கு அந்த அவகாசம் கிடையாது. ஓர் இழப்பு வாசகன் மனசில் ஊறுவதற்குள் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. இங்கே நஷ்டம் யாருக்கு என்று நாம் கேட்டதில்லை. கேட்டிருந்தால், வாசகரின் ஆசையைப் பூர்த்தி செய்த இரண்டாவது கதையில் அதே வாசகரில் ஒருத்திக்குக் குறை இருந்தது தெரிந்திருக்கும். 'வெகுஜன ரசனை' என்று நாம் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்ததற்குள் அக்காளும் தம்பியும் சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். நம் பத்திரிகைகளில் அந்த வருஷங்களில் இந்த நாவல்களைப் பற்றி இவ்வளவு கவனமான சண்டையை நான் பார்த்ததில்லை.

தம்பியின் மகள் கல்லூரியில் படிக்கிறாள். 2021 கடந்துவிட்ட பிறகு இதைப் படித்தவள். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று அவள் வேறொரு கணக்கு வைத்திருக்கிறாள். பஞ்சாங்கம் பார்ப்பதுபோல் இருக்கிறது, சொல்லவில்லை. (ஊர்ப்பெயரிலேயே கணியம் ஒலிக்கிறது, வேர் அதுதானா என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை.)

இரண்டாவது பைண்டில் கடைசிச் சில தாள்கள் இல்லை. எலியோ இரவலோ. தம்பி திண்ணையில் உட்கார்ந்து முடிவை எனக்குச் சொன்னார். இப்போது அவருக்கு மீசை நரைத்துவிட்டது. கால் மணி நேரம் சொன்னார். ஜீனோ செய்தது, ஜீனோ பேசியது. உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த அக்கா முறத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"நிலா என்னாடா ஆனா?"