அரங்கேற்றத் தளங்களில் விடுபடும் பெயர்கள்

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆப்பெரா, 1883 முதலான தன் ஆற்றுகைகளைப் பாடியோர் பெயர்களுடன் தேடத்தக்க தரவுத்தளமாக இணையத்தில் வைத்துள்ளது. புலம்பெயர் தமிழரின் நடன, இசை அமைப்புகளின் தளங்களோ பெரும்பாலும் அடுத்த நிகழ்ச்சிக்கான சுவரொட்டியாகவே நின்றுவிடுகின்றன. அழைப்பிதழ் படமாக ஏற்றப்படுவதால் அதிலுள்ள எழுத்தைத் தேடுவது அரிதாகிறது. பார்வையற்றோரின் திரைவாசிப்பானுக்கும் அது பெரிதும் எட்டுவதில்லை. பாமினி எழுத்துருவில் உள்ளிடப்பட்ட பழைய பக்கங்கள் ஒருங்குறிக்கு மாற்றப்படாமையால் இன்று பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றுகின்றன. மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. எனவே குறை தொழில்நுட்பத்தினதன்று.

புதிய வடிவமைப்புக்கு நிதி திரட்டுமுன், நாள், அரங்கு, பங்கேற்றோர் அனைவரின் பெயர் ஆகியவற்றை வெற்று எழுத்தாகப் பதிதல் வேண்டும். ஆடியவரின் ஒளிப்படம் எப்படியோ எஞ்சுகிறது. நட்டுவாங்கம் செய்தவரும் மிருதங்கம் வாசித்தவருமே முதலில் மறைகின்றனர். ஓர் அரங்கேற்றத்தின் மிருதங்கக் கலைஞர் யாரென்பதை, அச்சிட்ட கையேட்டைப் பேணிவைத்திருந்த தாயார் ஒருவரிடமே நான் அறிய நேர்ந்தது.