ஒன்பது அங்குலத்துக்கு ஒரு சுற்று

என் மேஜையில் இரண்டு குண்டுகளை அருகருகே நிறுத்தி வைத்திருக்கிறேன். ஒன்று சியரா மேட்ச்கிங், 69 கிரெய்ன். ஈயத்தின் மேல் மெல்லிய செம்பு உறை. மற்றது முழுக்க முழுக்கச் செம்பு, 70 கிரெய்ன். தராசுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு கிரெய்ன் என்பது வெறும் 65 மில்லிகிராம். விட்டமும் ஒன்றே, 0.224 அங்குலம். வெர்னியரில் பிடித்தால்தான் சங்கதி தெரிகிறது. முதலாவது 0.900 அங்குலம். இரண்டாவது ஒரு அங்குலத்தைத் தாண்டிவிட்டது. செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது, அதே எடை வர வேண்டுமென்றால் நீண்டுதான் ஆக வேண்டும். என் துப்பாக்கி முதல் குண்டைச் சொன்ன இடத்தில் கொண்டு சேர்க்கிறது. இரண்டாவதிடம் திணறுகிறது.

துப்பாக்கி .223 ரெமிங்டன் அளவுள்ள போல்ட் ஆக்‌ஷன். வட கலிபோர்னியாவில் வசிக்கும் நான் ஒன்றரை வருடத்துக்கு முன் பழையதாக வாங்கினேன். தாள் இலக்குக்கு மட்டும்தான். தோட்டாக்களை நானே நிரப்பிக்கொள்கிறேன். இங்கே அது அனுமதிக்கப்பட்ட பொழுதுபோக்கு. இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மருந்து அளவு எதையும் இந்தக் கட்டுரையில் தரப்போவதில்லை. குண்டு மாறினால் அளவும் மாறும். அதற்குக் கையேடு ஒன்றே வழி.

குழலுக்குள் புரிகள் ஓடுகின்றன. அந்தப் புரி ஒரு முழுச் சுற்றை எத்தனை அங்குலத்தில் முடிக்கிறதோ, அதுதான் அந்தக் குழலின் முறுக்கு. என் குழலில் 1:9 என்று பொறித்திருக்கிறது. பொறித்ததை நம்பாமல் அளந்து பார்ப்பது நல்லது, அரைமணி நேர வேலை. பிடிக்குள் பேரிங் வைத்த, தானாகச் சுழலும் துடைப்புக் கம்பி வேண்டும். இறுக்கமான துணியைக் கம்பியின் நுனியில் மாட்டிக் குழலுக்குள் தள்ளுங்கள். கம்பியில் ஒரு சின்ன டேப்பைக் கொடி போல ஒட்டி, அது மேலே பார்க்கும் இடத்தில் ஒரு குறி போடுங்கள். பிறகு மெல்ல இழுத்தால் கம்பி புரியோடு சேர்ந்து சுழலும். கொடி மறுபடி மேலே வரும்போது எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று அளந்தால் முடிந்தது. எனக்கு மூன்று முறையில் இரண்டு முறை சரியாக 9, ஒரு முறை 9¼ வந்தது. அந்த ஒரு முறை துணி வழுக்கியது கையிலேயே தெரிந்தது.

இந்த ஒன்பது ஏன் முக்கியம் என்றால், பம்பரம்தான். சாட்டையை வீசி இழுத்ததும் நின்ற இடத்தில் அசையாமல் சுற்றும் பம்பரத்தைப் பார்த்து, ‘தூங்குது’ என்போம். குட்டையான பம்பரம் சுலபமாகத் தூங்கும். ஒல்லியாக உயரமாகக் கடைந்த பம்பரத்துக்கு வேகம் போதாவிட்டால் தலையாட்ட ஆரம்பித்துவிடும். குண்டும் அப்படியே. நொடிக்கு 3,000 அடி வேகத்தில் 1:9 குழலைவிட்டு வெளியேறும் குண்டு நிமிடத்துக்கு 2,40,000 சுற்றுச் சுற்றுகிறது. குட்டைக் குண்டுக்கு அது தாராளம். நீளமான குண்டுக்குப் போதாமல் போகலாம்.

1879இல் ஜார்ஜ் கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணிதப் பேராசிரியர் கொடுத்த சூத்திரத்திலேயே இது இருக்கிறது. 150ஐ விட்டத்தின் வர்க்கத்தால் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுத்தால் தேவையான முறுக்கு வரும், எல்லாம் அங்குலத்தில். எடை அந்தச் சூத்திரத்தில் எங்குமே இல்லை. ஈயக் குண்டுகள் மட்டுமே இருந்த காலத்தில் எடை கூடினால் நீளமும் கூடியது. அதனால் ‘இந்த முறுக்குக்கு இத்தனை கிரெய்ன்’ என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது. செத்த விலங்கின் உடலில் கிடக்கும் ஈயம் காண்டார் கழுகுகளைக் கொல்கிறது என்பதுதான் காரணம், நியாயமான காரணம். அதனால் இங்கே செம்புக் குண்டு வாங்குகிறவர்கள் நிறைய. அவர்களில் பலர் இன்னும் கிரெய்னைக் கேட்டே வாங்குகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

இப்போது குண்டு நிறுவனங்களின் தளங்களில் இலவசக் கணிப்பான்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை, டான் மில்லர் 2005இல் வெளியிட்ட சூத்திரம். நீளம், விட்டம், எடை, முறுக்கு, வேகம், வெப்பநிலை, உயரம் ஆகியவற்றைக் கொடுத்தால் ஒரே ஒரு எண் வரும். ஒன்றுக்குக் கீழே போனால் குண்டு புரளும். 1.5க்கு மேல் நிம்மதி. நடுவில் வந்தால் சுட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 69 கிரெய்ன் சியராவுக்கு எனக்கு வந்தது 1.6. 77 கிரெய்ன் மேட்ச்கிங்குக்கு 1.3. செம்புக் குண்டுக்கு 1.1.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை, 5 டிகிரிக் குளிரில், கடல் மட்டத்தை ஒட்டிய ஒரு ரேஞ்சில் நூறு கெஜத்தில் ஐந்து வகைக் குண்டுகளைச் சோதித்தேன், வகைக்கு ஐந்து வெடி. குளிரை வேண்டுமென்றேதான் தேர்ந்தெடுத்தேன். குளிர்காற்று அடர்த்தியானது, குண்டை அதிகம் தடுமாற வைக்கும். ஏஆர்-15 துப்பாக்கி முதலில் 1:14 முறுக்கோடுதான் வந்தது. கடுங்குளிரில் 55 கிரெய்ன் குண்டே தடுமாறியதால் 1963இல் 1:12 ஆக்கினார்கள். வெயில் காலத்தில் மலைமேல் சோதித்துவிட்டு ‘என் குழலுக்கு இது சரிப்படுகிறது’ என்று யாராவது சொன்னால், டிசம்பரில் சமவெளியில் ஒரு முறை சுட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

55 கிரெய்ன் ஐந்தும் கால் டாலர் நாணயத்துக்குள் அடங்கின. 69 அதைவிட நெருக்கம். மூன்று துளைகள் ஒன்றையொன்று தின்று ஒரே ஓட்டை ஆகிவிட்டன. 77 சற்றுப் பரவியது, ஆனால் துளைகள் எல்லாம் வட்டம். பிளாஸ்டிக் முனை வைத்த 75 கிரெய்ன் இந்த வரிசையிலேயே நீளமானது. அதைச் சரியான ஆழத்தில் பொருத்தினால் தோட்டா 2.260 அங்குலத்தைத் தாண்டிவிடும், மேகசினில் நுழையாது, ஒவ்வொன்றாகக் கையால் போட வேண்டும். கணிப்பான் அதற்கு ஒன்றை ஒட்டிய எண்ணைக் காட்டியது. பிளாஸ்டிக் முனைக்கு நீளம் உண்டே தவிர எடை இல்லை. சாதாரண சூத்திரம் அதை உள்ளதைவிட மோசமாகக் காட்டும். அதைத் திருத்தி மில்லரும் கோர்ட்னியும் 2012இல் தனிச் சூத்திரம் கொடுத்திருக்கிறார்கள், நான் பயன்படுத்திய கணிப்பானில் அது இல்லை. திருத்திப் போட்டும் நிம்மதியான எண் வரவில்லை. தாளில் மூன்று துளை வட்டம், இரண்டு நீள்வட்டம்.

செம்புக் குண்டின் தாளைத்தான் வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தும் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறியிருந்தன. நான்காவது துளையின் ஒரு ஓரம் இழுபட்டு, கிழிசலைச் சுற்றிய கறுப்பு வளையம் ஒரு பக்கம் மட்டும் தடித்திருந்தது. குண்டு சாய்ந்தபடி தாளுக்குள் போயிருக்கிறது. பக்கவாட்டிலேயே நுழைந்தால் சாவித்துளை போல நீளத் துளை விழும். நூறு கெஜத்திலேயே இப்படி என்றால் முந்நூறு கெஜத்தில் ஒரு மானை நோக்கி இதை அனுப்பக் கூடாது. காயம்பட்டு ஓடும் விலங்கை நினைத்தாலே மனம் ஒப்பவில்லை.

முறுக்கில் தவறினால் சந்தையிலும் அடிதான். 1955இல் வின்செஸ்டர் .243ஐயும் ரெமிங்டன் .244ஐயும் கொண்டுவந்தன. தோட்டாக் கூடு ரெமிங்டனுக்கே சற்றுப் பெரிது. ஆனால் வின்செஸ்டர் 1:10, ரெமிங்டன் 1:12. மானுக்கு 100 கிரெய்ன் வேண்டும் என்று நினைத்த வேட்டைக்காரர்கள் வின்செஸ்டர் பக்கம் போய்விட்டார்கள். 1963இல் ரெமிங்டன் முறுக்கை 1:9 ஆக்கி, பெயரையும் 6 மிமீ ரெமிங்டன் என்று மாற்றிப் பார்த்தது. போன சந்தை திரும்பவில்லை.

அதற்காக முறுக்கு எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நல்லது என்றும் சொல்ல மாட்டேன். மெல்லிய உறை போட்ட 40 கிரெய்ன் குண்டை 1:7 குழலில் முழுவேகத்தில் விட்டால் நிமிடத்துக்கு மூன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் போகும். இலக்கை எட்டுமுன் காற்றிலேயே சிதறக்கூடும். புதிதாக வாங்குகிறவருக்கு என் பரிந்துரை 1:8. இன்றைய குண்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு அது போதும். 1:9 ஏற்கெனவே கையில் இருந்தால் மாற்றத் தேவையில்லை. ஈயக் குண்டில் 50 முதல் 69 வரை இது அருமையான குழல், 77ஐச் சோதித்துவிட்டு வைத்துக்கொள்ளலாம். செம்பில் அறுபதுக்குக் கீழே நின்றுகொள்ளுங்கள். வாங்கும் முன் பெட்டியில் எடைக்குப் பக்கத்தில் தேவையான முறுக்கு அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கடையிலேயே ஒரு குண்டின் நீளத்தை அளக்கக் கேளுங்கள்.

மிச்சமிருந்த செம்புக் குண்டுப் பெட்டியை ரேஞ்சில் பழக்கமான ஒரு பெரியவரிடம் கொடுத்துவிட்டேன். அவருடையது 1:8 குழல். என் தோட்டாக்களைக் கொடுக்கவில்லை; ஒருவர் நிரப்பியதை இன்னொருவர் துப்பாக்கியில் போடக் கூடாது. அவரே கையேட்டைப் பார்த்துத் தாழ்ந்த அளவிலிருந்து தொடங்கி நிரப்பிக்கொண்டு வந்தார். இரண்டு வாரம் கழித்து, நான்காக மடித்த ஒரு தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் விரித்தார். ஐந்து துளைகள், ஐந்தும் வட்டம், அவர் கட்டைவிரலால் மூடிவிடலாம்.